ஒரு பெட்டியில் மூன்று கம்ப்யூட்டர்: எந்த மென்பொருளை நம்பி வாங்குவது?



2024ஆம் ஆண்டு பங்குனியில், புளி வரத்து மும்முரமாக இருந்த சமயம், தருமபுரியில் உள்ள நமது மண்டியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் காலையில் எழுந்திருக்கவில்லை. முதலில் நாம் பெரிதாகக் கவலைப்படவில்லை. இப்போதைய பில்லெல்லாம் டேலியில், வேறு பெட்டியில் போடுகிறோம். ஆனால் செத்துப் போன பெட்டியில்தான் 2017 ஜூன் வரையிலான வாட் காலத்து எண்ணெய்க் கணக்கு முழுவதும் இருந்தது. அதில் ஓர் ஆண்டுக் கணக்கின் மேல் மேல்முறையீடு நடந்து கொண்டிருந்தது. ஆடிட்டர் பில் வாரியாகப் பட்டியல் கேட்டிருந்தார். விசாரணைக்கு ஒன்பது நாள்தான் பாக்கி.

கணக்கின் நகல் பென் டிரைவில் இருந்தது. அதைத் திறக்கும் புரோகிராம் விண்டோஸ் 7ல் மட்டுமே ஓடும். எழுதிக் கொடுத்தவரோ தொழிலை விட்டுப் போய் வெகு நாளாகிறது. கிடங்கில் சரக்கு இருக்கிறது, பூட்டுக்குச் சாவி இல்லை என்ற கதைதான்.

நமக்கு டேலி பார்த்துத் தரும் தம்பி வந்து பெட்டியைக் கழற்றினார். போர்டுதான் போயிருந்தது, டிஸ்க் பிழைத்திருந்தது. அதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் ‘டிஸ்க்2விஎச்டி’ என்ற சிறு கருவியால் முழு டிஸ்கையும் ஒரே கோப்பாக நகல் எடுத்தார். ஆறாம் நாள் மாலை, பழைய விண்டோஸ் 7 திரை அப்படியே புதுப் பெட்டிக்குள் வந்து நின்றது. பட்டியல் தேதிக்குள் போய்ச் சேர்ந்தது. இதைத்தான் ‘விர்ச்சுவல் மெஷின்’ என்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்து கொண்டோம்.

பெரிய கிடங்கு ஒன்றைத் தடுப்பு வைத்துப் பிரித்து, ஒன்றில் புளி, ஒன்றில் பருப்பு, ஒன்றில் எண்ணெய் டின் என்று தனித்தனிப் பூட்டுப் போட்டு வைக்கிறோம் அல்லவா? அப்படியே ஒரு வலுவான கம்ப்யூட்டரைப் பல கம்ப்யூட்டர்களாகத் தடுத்துக் கொள்ளலாம். ஒவ்வொன்றும் தன்னைத் தனிப் பெட்டி என்றே நினைத்துக் கொள்ளும். யாருக்கு எவ்வளவு இடம் என்று பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரி மென்பொருளுக்கு ‘ஹைப்பர்வைசர்’ என்று பெயர். எந்த மேஸ்திரியை வைத்துக் கொள்வது என்பதுதான் கேள்வி.

நமக்கு மூன்று பேர் விலைப்புள்ளி கொடுத்தார்கள். மூன்று பேரும் தம் சரக்கே உயர்ந்தது என்றார்கள். வியாபாரிக்கு இது புதிதல்ல. ஆகவே நாமே விசாரித்தோம்.

இத்துறையில் மூத்த பெயர் வி.எம்.வேர். 1998ல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம். பெரிய கம்பெனிகள் பல இதில்தான் ஓடின. முன்பெல்லாம் ஒரு முறை பணம் கட்டினால் மென்பொருள் நமக்கே சொந்தம், பராமரிப்புக்கு மட்டும் தனிக் கட்டணம். 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் சுமார் 6,900 கோடி டாலருக்கு இதை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பது நின்றது. இனி வாடகை மட்டும்தான். சிறியவர்கள் பயன்படுத்தி வந்த இலவசப் பதிப்பை 2024 பிப்ரவரியில் நிறுத்தி, 2025 ஏப்ரலில் மறுபடி கொடுத்தார்கள். கொடுப்பதும் எடுப்பதும் அவர்கள் இஷ்டம் என்பது இதிலேயே தெரிகிறது.

இதில் அடிபட்டவர்களில் நம் இனத்தாரும் உண்டு. இங்கிலாந்தின் டெஸ்கோ இன்று பெரும் மளிகை நிறுவனம்; 1919ல் ஜாக் கோஹன் என்பவர் லண்டன் சந்தையில் தட்டுக்கடையாகத் தொடங்கியது. 2021ல் நிரந்தர உரிமம் வாங்கியும், ஒப்பந்தப்படி நீட்டித்துக் கொள்ள வேண்டிய பராமரிப்பை, வாடகைக்கு மாறினால்தான் தருவோம் என்கிறார்கள் என்று 2025ல் அது வழக்குப் போட்டது. கடைகளின் பில் கவுண்டர் வரை சுமார் 40,000 சர்வர் வேலைகள் இதை நம்பி இருக்கின்றனவாம். கேட்கும் இழப்பீடு 10 கோடி பவுண்டுக்குக் குறையாது. டெஸ்கோவுக்கு வக்கீல் வைக்கச் சக்தி இருக்கிறது. பாலக்கோட்டிலும் அரூரிலும் கடை வைத்திருப்பவர் யாரிடம் போவார்?

அடுத்தது மைக்ரோசாப்டின் ஹைப்பர்-வி. விண்டோஸ் புரோ பதிப்பிலேயே இது உள்ளது; ஹோம் பதிப்பில் இல்லை. பழைய புரோகிராம் ஒன்றை உயிரோடு வைக்க வேண்டும் என்கிற சில்லறைக் கடைக்காரருக்கு இதுவே தாராளம், சர்வரே வேண்டாம். (இதை எந்த விற்பனைப் பிரதிநிதியும் சொல்ல மாட்டார்.) சர்வர் வாங்குவோர் மட்டும் கவனிக்க: விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு உரிமம் ஒன்றில் சர்வர் விண்டோஸை இரண்டு தடுப்புகளில் வைத்துக் கொள்ளலாம், மூன்றாவதற்கு மறுபடி பணம். கடையில் இருந்து அதில் இணையும் ஆளுக்கோ கம்ப்யூட்டருக்கோ தனி அனுமதியும் வாங்க வேண்டும். விலைப்புள்ளியில் இந்த வரி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது பிராக்ஸ்மாக்ஸ். ஆஸ்திரியாவின் வியன்னாவைச் சேர்ந்த நிறுவனம் 2008 முதல் வெளியிடுவது. லினக்ஸில் உள்ள கே.வி.எம். என்ற பொது மென்பொருளின் மேல் கட்டியது. எல்லா வசதியும் பணமில்லாமலே கிடைக்கும். சந்தா கட்டினால் நன்கு சோதித்த மேம்பாடுகள் வரும், மேல் திட்டங்களில் உதவியும் உண்டு. வி.எம்.வேரிலிருந்து நேராக இழுத்துக் கொள்ளும் வசதியையும் 2024ல் சேர்த்துவிட்டார்கள். சரக்கைப் பார்த்தால் நமக்கு மிகவும் பிடித்தது இதுதான். பிரெஞ்சுக்காரர்களின் எக்ஸ்.சி.பி.-என்.ஜி.யும் இதே வகை.

இருந்தும் நாம் வாங்கியது ஹைப்பர்-வி. காரணம் ஒன்றே. இரவு எட்டு மணிக்குப் பெட்டி படுத்தால் நமக்கு வந்து நிற்கிற தம்பிக்கு விண்டோஸ் தெரியும், லினக்ஸ் தெரியாது. லினக்ஸ் தெரிந்தவர் சேலத்திலிருந்தோ ஓசூரிலிருந்தோ வர வேண்டும். தங்கள் வீட்டிலேயே இன்ஜினீயரிங் படித்த பிள்ளை இருந்து, கடையோடு இருக்கவும் போகிறான் என்றால், பிராக்ஸ்மாக்ஸே போடுங்கள், பணம் மிச்சம்.

எதை வாங்கினாலும் சில இடங்களில் கால் இடறும். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் அந்தப் பெட்டிக்கு மட்டுமே செல்லும். நாம் விண்டோஸ் 7ஐத் தனியே விலை கொடுத்து வாங்கியிருந்ததால் தப்பித்தோம். டேலி உரிமத்தை இடம் மாற்றும் முன் பழைய இடத்தில் ‘சரண்டர்’ செய்துவிட வேண்டும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு மேம்பாடு நின்றுவிட்டது; ஆகவே அந்தத் தடுப்புக்கு இன்டர்நெட் இணைப்பே கொடுக்கவில்லை. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ல் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது என்பதை நினைவில் கொள்க.

பழைய கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டறிக்கைக் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைக் காப்பாற்ற வேண்டும். மேல்முறையீடு இருந்தால் அது முடிந்து ஓர் ஆண்டு வரையிலும், எது பிந்தியதோ அதுவரை. அத்தனை காலத்துக்கு எந்தக் கம்ப்யூட்டரும் உழைக்கும் என்று சொல்வதற்கில்லை.

எல்லாத் தடுப்பும் ஒரே பெட்டியில் இருப்பதால், பெட்டி போனால் மூன்றும் சேர்ந்து போகும். அதனால் நல்ல யு.பி.எஸ். ஒன்று, இரவில் ஒரு நகல் மண்டியில், வாரம் ஒரு நகல் கழற்றும் டிஸ்கில், வீட்டுக்கு. நகல் எடுத்ததோடு விடுவதில்லை. அமாவாசை விடுமுறையில் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை ஏற்றி, 2016ஆம் ஆண்டு எண்ணெய் பில் ஒன்றைத் திறந்து பார்க்கிறோம். முதல் முறை மூன்று மணி நேரம் ஆயிற்று. சென்ற மாதம் நாற்பது நிமிடம்.