பாராசூட் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களா?

பெரிய விமான விபத்து ஒன்று நடந்துவிட்டால் டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் ஒரே கேள்வி எழுகிறது. இருக்கைக்கு அடியில் லைஃப் ஜாக்கெட் வைக்கிறவர்கள், ஆளுக்கு ஒரு பாராசூட்டையும் வைத்தால் என்ன? 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து, அதில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தபோதும் பலர் இதைக் கேட்டார்கள். சிரித்து ஒதுக்கக்கூடிய கேள்வி அல்ல இது; இத்தனை உயிர்களுக்கு ஒரு வழி இருந்திருக்கக் கூடாதா என்ற ஆற்றாமையில் பிறந்தது. விமான நிறுவனங்களின் கஞ்சத்தனம்தான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் காரணம் வேறு. பாராசூட் உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் போதிய உயரம், போதிய நேரம், குறைந்த வேகம், குதிக்கப் பழகிய உடல் ஆகிய நான்கும் சேர்ந்து அமைய வேண்டும். பயணிகள் விமான விபத்தில் இந்த நான்கும் ஒன்றுகூடுவது அபூர்வத்திலும் அபூர்வம். கொஞ்சம் அவகாசம் கிடைக்கும் விபத்துகளிலோ, வெளியே குதிப்பதைவிட உள்ளே இருப்பதுதான் உயிருக்கு நல்லது என்று அனுபவம் காட்டியிருக்கிறது.

அகமதாபாத்தையே எடுத்துக்கொள்வோம். ஓடுபாதையை விட்டு எழும்பியதிலிருந்து எல்லாம் முடியும் வரை சுமார் அரை நிமிடம். விமானம் எட்டிய உயரம் சில நூறு அடிதான். அந்த நேரத்தில் சீட் பெல்ட்டைக் கழற்றி எழுந்து நிற்பதற்குள்ளேயே தரை வந்துவிடும். 2010இல் மங்களூரிலும் 2020இல் கோழிக்கோட்டிலும் விமானங்கள் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தன. 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். விமான வரலாற்றிலேயே மிக அதிகமான உயிர்களைப் பறித்த அந்த மோதல் நடந்த இடம் ஓடுபாதை. உயிரிழப்பு விபத்துகளில் பெரும்பாலானவை புறப்படும்போதோ தரையிறங்கும்போதோதான் நடக்கின்றன. மணிக்கணக்காக நீளும் நடுவான் பயணத்தில் நடப்பவை மிகக் குறைவு.

சரி, அந்தக் குறைந்த பங்கில் என்ன ஆகும்? 35,000 அடி உயரத்தில் விமானம் மணிக்குச் சுமார் 850 கி.மீ. வேகத்தில் போகிறது. வெளியே மைனஸ் 50 டிகிரிக் குளிர். ஆக்சிஜன் இல்லாமல் அங்கே ஒருவர் புத்தி தெளிவாகச் செயல்படக்கூடிய நேரம் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். கதவோ திறக்கவே திறக்காது. உள்ளே அடைத்து வைத்த காற்றின் அழுத்தம் ஏழெட்டு டன் எடையைச் சாய்த்து வைத்ததுபோல் கதவை அதன் சட்டத்தோடு இறுக்கிப் பிடித்திருக்கும். 2023 மே மாதம் தென் கொரியாவில் ஒரு பயணி கதவைத் திறந்தார் என்றால், அப்போது விமானம் தரையிறங்கச் சுமார் 700 அடி உயரத்துக்கு வந்திருந்தது. உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஏறக்குறைய சமமாகியிருந்தது. பயணிகள் விமானத்திலிருந்து குதித்தவர் இல்லையா என்று கேட்டால், உண்டு. 1971 நவம்பரில் அமெரிக்காவில் டி.பி. கூப்பர் என்று அறியப்பட்ட கடத்தல்காரன் போயிங் 727 விமானத்தின் வாலுக்கடியில் இருந்த படிக்கட்டு வழியாகக் குதித்தான். ஆனால் குதிப்பதற்கு முன் அவன் விமானிகளுக்குப் போட்ட உத்தரவுகளைப் பாருங்கள்: 10,000 அடிக்கு மேல் போகக் கூடாது, சக்கரங்களை இறக்கியே வைத்திருக்க வேண்டும், முடிந்த மட்டும் மெதுவாகப் பறக்க வேண்டும். பழுதே இல்லாத ஒரு விமானத்தை அவ்வளவு தூரம் பணிய வைத்த பிறகுதான் ஓர் ஆள் குதிக்க முடிந்தது. அவன் உயிரோடு தரை சேர்ந்தானா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

போர் விமானிகளுக்கு மட்டும் வசதி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் கதவைத் திறந்து குதிப்பதில்லை. இருக்கையோடு சேர்த்து ராக்கெட் அவர்களை வெளியே எறிகிறது. விமானங்களின் வேகம் கூடக்கூட, எழுந்து குதித்தவர்கள் வாலில் மோதி அடிபட்டதால் வந்த ஏற்பாடு அது. பயிற்சியும் உடல்தகுதியும் உள்ள அந்த விமானிகளுக்கே முதுகெலும்பு முறிவது உண்டு. நம் விமானங்களில் கைக்குழந்தையோடு தாய் இருப்பார், எழுபது வயதில் முட்டிவலியோடு தாத்தா இருப்பார். குலுங்கும் விமானத்தில், இருக்கைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில், தொடை வார்களையும் மார்பு வாரையும் சரியாக மாட்டி இறுக்க வேண்டும். ஒரு வார் தளர்ந்தாலும் பாராசூட் விரியும் வேகத்தில் ஆள் நழுவிவிடலாம்.

இந்த வாதத்துக்கு எதிராகக் காட்டக்கூடிய கனமான உதாரணம் ஒன்று உண்டு. 1985 ஆகஸ்ட் 12. டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குப் புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் 123ஆம் விமானம். பல ஆண்டுகளுக்கு முன் அரைகுறையாகப் பழுதுபார்த்திருந்த பின்சுவர் உடைந்து, வாலின் செங்குத்துப் பகுதி பிய்ந்து போனது. விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் திரவம் முழுவதும் வடிந்தது. அதற்குப் பிறகும் அது 32 நிமிடம் பறந்தது. பயணிகள் சிலர் கிடைத்த தாள்களில் குடும்பத்துக்குக் கடைசி வரிகளை எழுதி வைத்தார்கள். 524 பேரில் நான்கு பேரே பிழைத்தார்கள். 32 நிமிடமும் ஆயிரக்கணக்கான அடி உயரமும் இருந்தனவே, பாராசூட் இருந்தால் சிலராவது பிழைத்திருக்க மாட்டார்களா? சிலர் பிழைத்திருக்கலாம், இதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அந்த விமானம் இருபுறமும் புரண்டு, அலைபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பழகிய ராணுவ வீரர்களைப் போல வினாடிக்கு ஒருவராக வெளியேறினாலும் 524 பேருக்கு ஒன்பது நிமிடம் ஆகும். இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது, குதிக்கச் சொல்லும் முடிவை விமானி எந்த நிமிடத்தில் எடுப்பது என்பது. விமானத்தைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்ற நம்பிக்கையோடு போராடுகிறவர் எப்படி அதைச் சொல்வார்?

நான்கு ஆண்டு கழித்து இந்தக் கேள்விக்கு ஒரு விடை வந்தது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் போன யுனைடெட் 232ஆம் விமானத்தின் வால் எஞ்சின் வெடித்துச் சிதறி, மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செத்துப்போயின. கிட்டத்தட்ட அதே நிலைமை. கேப்டன் ஆல் ஹேன்ஸ் குழுவினரோடு, பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் விமானி டென்னி ஃபிட்ச்சும் சேர்ந்துகொண்டார். மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களின் விசைப்பிடிகளைக் கையில் பிடித்து, ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்து, அதைக் கொண்டே விமானத்தைத் திருப்பினார்கள். 44 நிமிடப் போராட்டத்துக்குப் பின் சூ சிட்டி ஓடுபாதையில் விமானம் மோதி உடைந்தது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்த 44 நிமிடத்தில் பயணிகள் பாராசூட்டோடு பின்கதவுக்கு முண்டியடித்திருந்தால், எடை ஒரு பக்கம் சாய்ந்து, நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்த கட்டுப்பாடும் அறுந்திருக்கும். அவர்கள் சீட் பெல்ட் மாட்டி அசையாமல் இருந்ததும் அந்தப் பிழைப்பில் ஒரு பங்கு என்றே நான் கருதுகிறேன்.

எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப்போல் விழும் என்ற பயமும் தவறு. 2001 ஆகஸ்ட்டில் எரிபொருள் முழுவதும் தீர்ந்த ஏர் டிரான்சாட் விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேல் ஏறக்குறைய 120 கி.மீ. மிதந்து வந்து அசோர்ஸ் தீவில் இறங்கியது. உள்ளே இருந்த 306 பேரும் பிழைத்தார்கள். கீழே இருந்தது நடுக்கடல். குதித்திருந்தால் எத்தனை பேரைத் தேடி எடுத்திருக்க முடியும்?

ஆளுக்கு ஒன்று வேண்டாம், விமானத்துக்கே ஒரு பெரிய பாராசூட் கட்டலாமே என்பது அடுத்த யோசனை. சிர்ரஸ் என்ற சிறிய விமானத்தில் அது இருக்கிறது. பல உயிர்களைக் காத்தும் இருக்கிறது. ஆனால் அதன் எடை ஒன்றரை டன் சொச்சம்தான். நாம் ஏறும் ஏர்பஸ் ஏ320 எழுபது டன்னைத் தாண்டும். அத்தகைய எடையை இறக்கிப் பார்த்த அனுபவம் நாசாவுக்கு உண்டு. விண்வெளி ஓடத்தின் பக்கவாட்டு ராக்கெட் கூடு, சுமார் 90 டன், ஒவ்வொன்றும் 136 அடி விட்டமுள்ள மூன்று பாராசூட்களில் தொங்கி இறங்கியது. அப்படியும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கடலில் மோதியது. இரும்புக் கூடு அதைத் தாங்கும். உள்ளே மனிதர்கள் இருந்தால்?

செலவைக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உயிர் பிழைக்கும் என்றால் எந்தச் செலவையும் செய்யத்தான் வேண்டும். பாராசூட் ஒன்றுக்குப் பத்துக் கிலோ என்றால் 180 பேருக்கு 1,800 கிலோ. அமெரிக்க விதிப்படி அவசரகாலப் பாராசூட்டை 180 நாளுக்கு ஒருமுறை உரிமம் பெற்றவர் பிரித்துச் சோதித்து மறுபடி மடிக்க வேண்டும். அதே எடையையும் பணத்தையும் உழைப்பையும் விபத்தைத் தடுப்பதில் போட்டதால்தான் பலன் கிடைத்தது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரண்டு விமானங்கள் நடுவானில் மோதி 349 பேர் இறந்தார்கள். மோதலை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவியை அதன் பிறகு இந்தியா கட்டாயமாக்கியது. அந்தக் கருவி இருந்திருந்தால் இரண்டு விமானங்களும் விலகிப் போயிருக்கும். பாராசூட் இருந்திருந்தால் அவை விலகியிருக்காது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1983 முதல் 2000 வரை அந்நாட்டு விமான நிறுவனங்களின் 568 விபத்துகளை ஆராய்ந்தது. அவற்றில் சிக்கிய 53,487 பேரில் 51,207 பேர், அதாவது நூற்றுக்கு 95 பேருக்கு மேல், பிழைத்திருந்தார்கள்.

விபத்தில் பிழைப்பதை முடிவு செய்வது பெரும்பாலும் விமானம் தரையில் நின்ற பிறகு வரும் சில நிமிடங்கள். பாதிக் கதவுகள் அடைபட்டிருந்தாலும் 90 வினாடிக்குள் எல்லோரும் இறங்க முடியும் என்று நிரூபித்தால்தான் புதிய ரக விமானத்துக்கு அனுமதியே கிடைக்கும். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் தீப்பிடித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் மூன்று வழிகள்தான் பயன்பட்டன. ஒலிபெருக்கி அமைப்பும் வேலை செய்யவில்லை. பணியாளர்கள் மெகாஃபோனிலும் வாயாலும் கத்தி வழி சொன்னார்கள். பைகளை அப்படியே விட்டுவிட்டு 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அடுத்த முறை விமானத்தில் உட்காரும்போது, உங்கள் இருக்கையிலிருந்து அவசர வழிவரை முன்னால் எத்தனை வரிசை, பின்னால் எத்தனை வரிசை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெல்ட்டை மாட்டியே இருங்கள். இறங்கச் சொன்னால், மேலே இருக்கும் பையைத் தொடாதீர்கள்.