கடல்கோளும் காலந் தப்பிய செய்தியும்

கடல்கோள் என்பது தமிழர்க்குப் புதிய சொல்லன்று. கபாடபுரத்தைக் கடல் கொண்ட கதையை இறையனார் களவியலுரை வாயிலாக நாம் மாணவப் பருவத்திலேயே கற்றோம். ஆயினும், அது பண்டை நூற்செய்தி என்றே எண்ணியிருந்தோம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி அவ்வெண்ணத்தைத் தகர்த்தது.

புவியோடு பல தகடுகளாகப் பிரிந்து மெல்ல நகர்வது. சுமாத்திராவுக்கு மேற்கே இந்தியத் தகடு பர்மாத் தகட்டின் கீழ்ச் செல்கின்றது. அவை ஒன்றையொன்று பற்றிய இடத்தில் நெடுங்காலம் திரண்ட இறுக்கம் அன்று காலை விடுபட்டது. ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளவு ஓடியது; நடுக்கத்தின் அளவு 9.1. கடற்றரை சில மீற்றர் உயரவே, அதன்மேல் நின்ற நீர் உந்தப்பட்டுப் பேரலையாயிற்று. ஆழ்கடலில் மணிக்கு 700 கிலோமீற்றர் வரை விரைந்த அவ்வலை, கரையை அண்மியதும் வேகந் தணிந்து உயரம் பெருகிற்று.

நத்தாரின் மறுநாள், ஞாயிறு, பூரணை. மணற்காடு, உடுத்துறை, தாளையடி முதலிய வடமராட்சிக் கரையூர்கள் அழிந்தன. யாழ்ப்பாண மாவட்டத்தில் 2,000 பேருக்கு மேலும், இலங்கை முழுவதும் 30,000 பேருக்கு மேலும், 14 நாடுகளில் ஏறக்குறைய 230,000 பேரும் மாண்டனர். சிறுவரும் பெண்டிரும் முதியோருமே மிகுதி. தென்னிலங்கையின் பெரலியவில், முதலலைக்கு அஞ்சிப் புகைவண்டியில் ஏறியோரை அடுத்த அலை கொண்டது.

நடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அணித்தாயது சிமெலுவே தீவு. அங்கே 1907இல் நேர்ந்த கடல்கோளின் நினைவு 'சுமோங்' என்னும் சொல்லாய் வாய்வழி வந்தது. நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடுக என்பதே அதன் பொருள். ஏறக்குறைய 78,000 மக்களுள் இறந்தோர் எழுவரே.

தொலைவிலிருந்த நமக்கோ நிலநடுக்கம் ஓர் எச்சரிக்கையாகப் புலப்படவில்லை. பிறர் அறிவித்தாலன்றி நாம் அறிய வழியில்லை. ஹவாயிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையம் கால்மணி நேரத்துள் நடுக்கத்தைக் கண்டறிந்தது. அலை நம்மை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்றது. எனினும், அறிந்ததைக் கரையூர்களுக்கு எட்டச்செய்யும் அமைப்பு இந்துசமுத்திரத்தில் அன்று இருக்கவில்லை. அவ்வமைப்பு பின்னரே இயங்கத் தொடங்கியது.

நம் குடாநாட்டில் ஏறி நிற்க மலையில்லை. ஆதலின் எச்சரிக்கை வந்தவுடன் கரையை நீங்கி உள்நாடு செல்லுதலும், முதலலை வடிந்ததென்று திரும்பாதிருத்தலும் ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டாருக்கு உணர்த்த வேண்டிய பாடங்களாம். உடுத்துறை நினைவாலயத்தில் ஆண்டுதோறும் விளக்கேற்றுவோர் நம்மிடம் எதிர்பார்ப்பதும் இதுவேயாகும்.