கடல்மீனுக்குத் தண்ணீரே மருந்து!

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்குப் பால் வாங்குவோர் பால்மானியை மிதக்கவிட்டுப் பார்ப்பதுண்டு. தண்ணீர் கலந்த பாலில் மானி சற்று அதிகமாக மூழ்கும். இதே தத்துவம் ஒரு மீனின் உயிரையும் காத்தது!

இராஜபாளையத்தில் என் மாணவன் ஒருவன் இரண்டு கோமாளி மீன்களைக் கடல்நீர்த் தொட்டியில் வளர்த்தான். அவற்றின் மேல் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றின. சில நாட்களில் மறைந்தன. 'குணமாகிவிட்டது' என்று மகிழ்ந்தான். மறுவாரமே ஒரு மீன் இறந்தது. ஏன்?

கிரிப்டோகேரியான் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி, மீனின் தோலையும் செவுளையும் தின்று கொழுத்தபின் கீழே விழுந்து கூடு கட்டும். ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் வெளிவந்து மீனைத் தேடும். செம்பு உப்பு இக்குஞ்சுகளைக் கொல்லும். அளவு மிஞ்சினால் மீனையும் கொல்லும்.

வேறு வழி? கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. மீனின் இரத்தத்தில் அதில் மூன்றிலொரு பங்கே. எனவே சவ்வூடு பரவலால் மீன் ஓயாமல் நீரை இழக்கிறது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, சில நாட்களில் படிப்படியாக உப்பை 15 கிராமாகக் குறைத்தால் மீனின் சுமை குறையும். ஒட்டுண்ணிக்குள்ளோ நீர் புகும். பெரும்பாலும் அது அழியும்.

பால்மானியின் உறவான ஹைட்ரோமீட்டரில் ஒப்படர்த்தி 1.026-லிருந்து 1.011-க்கு இறங்கியதைக் கண்டோம். நான்கு வாரம் அப்படியே வைத்தோம். பழைய தொட்டியும் பல வாரம் மீனின்றிக் கிடந்தது. மீதி மீன் பிழைத்தது. பவளம், இறால் இருக்கும் தொட்டியில் இதைச் செய்யாதீர்கள், அவை தாங்கா.

உலர்ந்த திராட்சையை நல்ல தண்ணீரிலும் கெட்டி உப்புநீரிலும் ஊறப்போடுங்கள். எது அதிகம் உப்புகிறது? ஏன்?