நண்டுச் சாறும் நட்சத்திரமும்

உயர்தர உணவுச்சாலை என்றதும் நம்மிற் பலருடைய உள்ளத்தில் ஒரே காட்சிதான் எழும். வெண்துகில் விரித்த மேசை, வெள்ளிக் கரண்டிகள், வாயில் நுழையாத பெயருடைய பண்டங்கள், பார்த்ததும் நெஞ்சை அடைக்கும் விலைப்பட்டியல். வியட்நாமின் தலைநகராகிய ஹனோயில் வீட்டுச் சமையலுக்குப் பெயர்பெற்ற உயர்தரச் சாலை ஒன்றினுள் இந்த எண்ணத்தோடு நுழைபவர் வியப்படைவார். அழகிய கூடத்தின் நடுவே அவர் முன் வைக்கப்படுவது, அந்நாட்டுக் குடியானவன் வீட்டில் அந்திப்பொழுதில் இறக்கி வைக்கப்படும் அதே வட்டத் தட்டம், அதே சோறு, அதே கீரைச் சாறு.

இஃது எவ்வாறு நேர்ந்தது? வாசகர்களே, அந்த மேசையில் நாமும் ஒருமுறை அமர்ந்து பார்ப்போம்.

அழைத்த பின்னரே உணவு

வியட்நாமிய மொழியிற் 'கொம்' என்றால் சோறு. 'சோறு உண்ணல்' என்றாலே உணவு உண்ணல் என்பது பொருள். நம் வழக்கும் அதுவேயன்றோ? வடபகுதிக் குடும்பங்களில் மூத்தோரை அழைக்காமல் இளையோர் உண்ணத் தொடங்குவதில்லை. 'தாத்தா, உண்ணுங்கள், பாட்டி, உண்ணுங்கள், அப்பா, உண்ணுங்கள்' என வயது முறைப்படி ஒவ்வொருவரையும் விளித்து அழைத்த பின்னரே சிறுவன் உணவுக்குச்சிகளைக் கையிலெடுப்பான். உயர்தரச் சாலையில் ஒரு குடும்பம் வந்து அமர்ந்தாலும் இவ்வழக்கத்தைக் காணலாம்.

தட்டத்தில் உள்ளவை யாவும் எல்லோருக்கும் பொது. நல்ல துண்டு கண்ணிற் பட்டால் அதனை அருகிலிருக்கும் முதியவரின் கிண்ணத்தில் இடுவது பண்பு. குச்சிகளைச் சோற்றிற் செங்குத்தாக நாட்டுதல் மட்டும் ஆகாது. அஃது இறந்தோர்க்கு ஊதுவத்தி ஏற்றி வைத்தாற்போலத் தோன்றும்.

நடுவே ஒரு சிறு கிண்ணம்

தட்டத்தின் நடுவில் அமர்வது இறைச்சியன்று. 'நுவொக் மாம்' எனப்படும் மீன்சாறு நிறைந்த சிறு கிண்ணமே. ஏறக்குறைய மூன்று பங்கு நெத்தலிக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவிற் கலந்து, பெரிய மரத்தொட்டிகளில் ஓராண்டு வரையில் மூடி வைப்பார்கள். மீன் தானே கரைந்து செம்பொன் நிறச் சாறாக வடியும். இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஃபூ குவொக் தீவின் சாற்றுக்கு 2012ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் புவியியற் பெயர்ப் பாதுகாப்பு வழங்கியது. இதனுடன் தேசிக்காய்ப் புளி, சீனி, உள்ளி, மிளகாய் ஆகியவற்றைச் சேர்ப்பர். மேசையிலுள்ளோர் அனைவரும் அந்த ஒரே கிண்ணத்தில் தோய்த்து உண்பதே பழைய முறை.

நாம் அறுசுவை என்போம். அவர்கள் புளிப்பு, உறைப்பு, கைப்பு, உப்பு, இனிப்பு என ஐந்தைக் கூறுவர். சுவையோடு சூடும் குளிர்ச்சியும் ஒத்திருத்தல் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. தாரா இறைச்சி உடலுக்குக் குளிர்ச்சி. ஆதலின் இஞ்சி இடித்துச் சேர்த்த மீன்சாறு அதற்குத் துணை. நம் பாட்டிமார் இதைக் கேட்டால் தலையசைப்பர். மஞ்சள் பூசிய மீன்துண்டுகளைச் சதகுப்பைக் கீரையோடு எண்ணெயிற் பொரித்து, கச்சானும் அரிசி நூலப்பமும் சேர்த்து உண்பது ஹனோயின் தனிச் சிறப்பு.

தெற்கே ஹோ சி மின் நகரத்துச் சாலைகளிலோ நமக்கு அறிமுகமான பெயரொன்றே காத்திருக்கும். அது 'கா ரி'. அதாவது நம்முடைய கறி. அந்நகரம் சைகோன் என வழங்கிய பிரெஞ்சு ஆட்சிக்காலத்திற் புதுச்சேரி, காரைக்கால் பகுதித் தமிழரும் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும் அங்கே வாழ்ந்தனர். அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. தேங்காய்ப்பாலும் வத்தாளங்கிழங்கும் சேர்ந்த கோழிக்கறியைப் பாணோடு உண்பது தென்பகுதியார் வழக்கம்.

ஏழையின் சாறு

மீண்டும் ஹனோய் மேசைக்கு வருவோம். இப்போது வருகிறது நண்டுச் சாறு. கடல் நண்டன்று, நெல்வயற் சேற்றில் உழவன் பிடிக்கும் சிறு நண்டு. அதனை ஓட்டோடு உரலிலிட்டு இடித்து, நீர்விட்டுக் கரைத்து வடித்து, மெல்லிய நெருப்பிற் காய்ச்சுவர். நண்டின் சதை திரண்டு மேலே மிதந்து வரும். அந்நேரம் பார்த்துப் பசளிக்கீரையை இடுவர். ஆம், நம் வேலிகளிற் படரும் அதே கொடிப்பசளிதான். தொட்டுக்கொள்ள உப்பிலிட்ட சிறு கத்தரிக்காய்.

இச்சாற்றுக்குச் செலவு மிகக் குறைவு, உழைப்போ அதிகம். வாங்கப் பணமில்லாத தாய்மார் தம் கைவலிமையாற் சமைத்த உணவு இது. இன்று பட்டாடை உடுத்தோரும் இதனை விலைகொடுத்து உண்கின்றனர். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், புகழ்பெற்ற பிரெஞ்சு உணவு வழிகாட்டியாகிய மிஷெலின் முதன்முறையாக வியட்நாமுக்கெனத் தெரிவுப் பட்டியலை வெளியிட்டது. நான்கு சாலைகள் ஒவ்வொரு நட்சத்திரம் பெற்றன. மூன்று ஹனோயில், ஒன்று ஹோ சி மின் நகரில். ஹனோய்ச் சாலைகளுள் ஒன்றாகிய 'தம் வி' வடபகுதி வீட்டுச் சமையலையே பரிமாறுவது. அதே பட்டியலில், குறைந்த விலையில் நல்லுணவு தருவன என 29 இடங்களும் தனியே பாராட்டப் பெற்றன.

பசியின் நினைவு

இம்மேசையின் உண்மையான மதிப்பை அறிய வேண்டுமானால், பேரப்பிள்ளைகளின் நடுவே அமர்ந்திருக்கும் முதியவரைப் பார்த்தல் வேண்டும். அவருடைய பெற்றோர் 1945ஆம் ஆண்டின் பெரும்பஞ்சத்தைக் கண்டவர்கள். ஜப்பானியப் படைகள் நாட்டிலிருந்த காலம் அது. நெல் பறிமுதலாயிற்று, வயல்களிற் சணல் பயிரிடச் செய்தனர், வெள்ளமும் வந்தது. இருபது இலட்சத்திற்கு மேற்பட்டோர் பட்டினியால் மாண்டனர் என அவ்வாண்டு செப்டெம்பர் 2ஆந் திகதிச் சுதந்திரப் பிரகடனமே கூறிற்று.

பின்னர் போர். எலும்புகளை நெடுநேரம் கொதிக்க வைத்து, அன்னாசிப்பூவும் கறுவாவும் சுட்ட இஞ்சியும் சேர்த்து ஆக்கும் 'ஃபோ' என்னும் நூலப்பச் சாறு ஹனோயின் பெருமை. 1960களில் அரசாங்கக் கடைகளில் அதனை இறைச்சியின்றியே விற்றனர். அப்போது ஆளில்லா அமெரிக்க வேவு விமானங்கள் வானிற் பறந்தன. மக்கள் அந்த இறைச்சியில்லாச் சாற்றுக்கு 'விமானியில்லாத ஃபோ' எனப் பெயர் சூட்டிச் சிரித்தனர். போர் ஓய்ந்த பின்னும் வறுமை ஓயவில்லை. பங்கீட்டு அரிசியோடு சோளமும் மரவள்ளிக்கிழங்கும் கலந்து வயிற்றை நிரப்பினர். முகம் வாடியிருப்பவரை 'அரிசிப் புத்தகத்தைத் தொலைத்தவர் போல' என்று சொல்லும் வழக்கம் அக்காலத்தில் எழுந்ததே. பங்கீட்டுப் புத்தகம் தொலைந்தால் வீடே பட்டினி என்பதை அச்சொல் இன்றும் நினைவூட்டுகிறது. 1986ஆம் ஆண்டிற் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கிற்று. 1989ஆம் ஆண்டிலோ அந்நாடு பிறநாடுகளுக்குப் பெருந்தொகையாக அரிசி அனுப்பலாயிற்று.

ஆகவே, அம்முதியவர் முன் வெண்சோறு நிறைந்த கிண்ணத்தை வைக்கும்போது, அது பேரனுக்குத் தோன்றுவது போல வெறுஞ்சோறாகத் தோன்றுவதில்லை.

வயலிலே நண்டு பிடிக்கும் பெண் இச்சாலையின் படியேற வசதியுடையவளா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பெரும்பாலும் அவள் வரமாட்டாள். ஆயினும் நட்சத்திரம் பெற்ற சாறு அவள் வீட்டு அடுப்பிலும் கொதிக்கிறது. அதற்கு ஒரு குறையுமில்லை. அவள் சமையலைக் கற்றுக்கொண்டதே நகரத்துச் சாலையின் பெருமை. அந்த நன்றியை மறவாதவரையில் அதன் விலையும் பொருந்தும்.

உணவு முடிந்ததும் தாமரைத் தேநீர் வருகிறது. ஹனோயின் மேற்கு ஏரித் தாமரைகளின் மணத்தைத் தேயிலையில் ஏற்றுவர். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய ஆயிரம் பூக்கள் வேண்டும். விருந்தின் பகட்டு என்று சொல்லத்தக்கது இஃது ஒன்றே. மூதாட்டி கோப்பையைக் கையிலெடுக்குமுன் பேரனின் கிண்ணத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கிறார். அதில் ஒரு பருக்கையும் மீதியில்லை. அவர் முகம் மலர்கிறது.