பள்ளியில் இணையம்: பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியவை

சரசுவதி பூசையன்று பிள்ளைகளின் பாடநூல்களையும் எழுதுகோல்களையும் அம்பாள் திருமுன் வைத்து வழிபடுவது நம் மரபு. அண்மைய ஆண்டுகளில் அந்தப் புத்தக அடுக்கின்மேல் மடிக்கணினி ஒன்றும் அமர்ந்திருப்பதைச் சிங்கப்பூரில் பல இல்லங்களில் காண்கிறோம். அதுவும் ஒரு பாடநூலாகிவிட்டது. ஆனால் பாடநூலுக்கு இல்லாத விதிகள் அதற்கு உண்டு.

சென்ற நவராத்திரியின்போது அன்னதானக் கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு தாயார் என்னிடம், "ஐயா, போன வருஷம் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து கம்ப்யூட்டரைப் பற்றி ஏதோ படிவம் வந்தது. இங்கிலீஷில் நாலு பக்கம். படிக்காமலே ஒன்றை அழுத்தி அனுப்பிவிட்டேன். அது என்ன, எதற்கு என்று கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். அவரைப் போன்று எத்தனையோ பெற்றோர்கள் இருக்கக்கூடும் என்ற எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நம் பள்ளிகளுக்குக் கணினி நேற்று வந்ததன்று. கல்வி அமைச்சு 1997ஆம் ஆண்டிலேயே தகவல் தொழில்நுட்பத்திற்கான முதல் பெருந்திட்டத்தை அறிவித்தது. 2002ஆம் ஆண்டுக்குள் இரண்டு மாணவருக்கு ஒரு கணினி, பாட நேரத்தில் 30 விழுக்காடு கணினிவழிக் கல்வி என்பன அதன் இலக்குகள். அப்போது கணினி ஓர் அறையில் இருந்தது. ஆசிரியர் கதவைத் திறந்தால் இணையம், பூட்டினால் இல்லை. 2018இல் மாணவர் கற்றல் தளம் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் சொந்தமாகக் கற்றல் சாதனம் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்னும் திட்டம் 2028க்குள் நிறைவேறுவதாக இருந்தது. கோவிட் பெருந்தொற்றில் வீட்டிலிருந்து படிக்க நேர்ந்ததால் அது 2021ஆம் ஆண்டுக்கே முன்கொணரப்பட்டது. ஆகவே பூட்டுவதற்கு இப்போது அறைக்கதவு இல்லை. கதவு பிள்ளையின் பையிலேயே இருக்கிறது.

அந்தக் கதவுக்கு மாற்றாகத்தான் சாதன நிர்வாகச் செயலி என்ற ஒன்றைப் பள்ளிகள் அக்கணினியில் பதிக்கின்றன. ஆபாசம், சூதாட்டம், வன்முறை ஆகியவை கொண்ட தளங்களை அது தடுக்கும். பிள்ளை வகுப்பில் எதைத் திறந்து வைத்திருக்கிறான் என்பதை ஆசிரியர் கவனிக்கவும் உதவும். பள்ளி நேரத்தில் இதில் யாருக்கும் விலக்கு இல்லை. பள்ளி முடிந்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் பெற்றோரிடம் கேட்கிறார்கள். மூன்று வழிகள் உள்ளன. பள்ளியின் கட்டுப்பாடே வீட்டிலும் தொடரலாம். பெற்றோர் தாமே கட்டுப்பாடுகளை மாற்றி அமைத்துக்கொள்ளலாம். அல்லது வீட்டில் செயலி வேண்டாம் என்று விட்டுவிடலாம். எதையும் தெரிவு செய்யாவிட்டால் முதல் வழியே நடப்பில் இருக்கும். அவ்வழியில் இரவு 11 மணிக்குக் கணினி உறங்கிவிடும் என்றிருந்தது, 2026 ஜனவரியிலிருந்து 10.30 மணியாக்கப்பட்டது. படிவத்தைத் தொடாமலே விட்டிருந்தால் அந்தத் தாயாருக்கு நல்லதாகப் போயிருக்கும். அவர் அழுத்தியிருந்ததோ மூன்றாவது!

இனி, மாணவரும் பெற்றோரும் ஒப்புக்கொள்ளும் பள்ளிக் கணினி விதிகளைப் பார்ப்போம். பள்ளிக்குப் பள்ளி வாசகங்கள் வேறுபட்டாலும் உட்பொருள் ஏறத்தாழ ஒன்றே. மறைச்சொல்லை நண்பனுக்கும் சொல்லக்கூடாது. பள்ளிக் கணக்கு படிப்புக்கு மட்டுமே. தடுப்பைச் சுற்றிச் செல்லும் குறுக்குவழிச் செயலிகளைப் பதிக்கக்கூடாது. ஆசிரியரையோ சக மாணவரையோ அனுமதியின்றிப் படம் பிடிக்கவும் பரப்பவும் கூடாது. பிறர் எழுத்தையோ செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததையோ தம்முடையது என்று ஒப்படைக்கக்கூடாது.

இவற்றுள் படம் பற்றிய விதியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிள்ளைகள் இதை விளையாட்டாக எண்ணிவிடுகிறார்கள். 2024 நவம்பரில் இங்குள்ள ஒரு பள்ளியில், மாணவியரின் படங்களைச் செயற்கை நுண்ணறிவால் தகாத படங்களாக மாற்றி மாணவர் சிலர் பகிர்ந்த செய்தி வெளிவந்து, அது காவல்துறை வரை சென்றது. மாணவர் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 2020 ஜனவரி முதல் நடப்பில் உள்ள தண்டனைச் சட்டத் திருத்தத்தின்படி, ஒருவருடைய அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமின்றிப் பரப்புவது குற்றம். அது போலியாக மாற்றப்பட்ட படமாக இருந்தாலும் குற்றமே. இணையத்தில் ஒருவரை வசைபாடித் துன்புறுத்துவோருக்கு 2014ஆம் ஆண்டின் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. "எனக்கு வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்" என்பது தப்பிக்கும் வழியாகாது. வகுப்பில் இணையநலக் கல்வி என்ற பெயரில் இவற்றை ஆசிரியர்கள் சொல்லித் தருகிறார்கள். வீட்டிலும் ஒருமுறை கேட்டால் பிள்ளை காதில் நிற்கும்.

கைப்பேசி வேறு கதை. 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் பாட நேரத்தில் மட்டுமன்றி இடைவேளையிலும், இணைப்பாட நடவடிக்கைகளிலும், கூடுதல் வகுப்புகளிலும் திறன்பேசியும் திறன்கடிகாரமும் பயன்படுத்தக் கூடாது. அவற்றைப் புத்தகப் பையிலோ பள்ளி ஒதுக்கிய இடத்திலோ வைத்துவிட வேண்டும். அவசரம் என்றால் பள்ளி அலுவலகத்தை அழைத்துப் பேசலாம். நடுப்பகலில் பிள்ளைக்கு "சாப்பிட்டாயா?" என்று செய்தி அனுப்பும் தாய்மார்களும் பாட்டிமார்களும் இதை மனத்தில் கொள்ளல் நலம். பதில் வராததற்குப் பிள்ளையின் அலட்சியம் காரணமன்று.

ஆனால் பள்ளியின் செயலி பள்ளிக் கணினியை மட்டுமே காக்கும். தாத்தா பரிசாக வாங்கிக் கொடுத்த கைப்பேசியில் அது கிடையாது. 10.30 மணிக்குக் கணினி உறங்கும், கைப்பேசி போர்வைக்குள் விழித்திருக்கும். 7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை நீங்கலாக ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் திரைநேரம் இருக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் சுகாதார அமைச்சு அறிவுறுத்தியது. அதை அளக்க வீட்டில் பெரியவர் ஒருவர்தான் வேண்டும்.

பூட்டும் சில நேரம் உடையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்டில், பள்ளிகள் அப்போது பயன்படுத்திய நிர்வாகச் செயலிக்குள் யாரோ ஊடுருவியதால் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவரின் கணினிகளில் இருந்தவை அழிக்கப்பட்டன. தேர்வுக்காக எழுதி வைத்த குறிப்புகளைச் சில பிள்ளைகள் ஒரே இரவில் இழந்தனர். அமைச்சு உடனே அச்செயலியை நீக்கியது. குறிப்புகளுக்கு வேறோரிடத்தில் படி ஒன்று வைத்திருக்கும்படி பிள்ளைகளிடம் கூறுங்கள். கையால் எழுதிய குறிப்பேட்டை எந்த ஊடுருவியும் அழிக்க முடியாது என்று என் போன்ற பழைய ஆட்கள் சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

நன்கொடையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏழை மாணவருக்குப் பழைய மடிக்கணினி தர விரும்பும் அன்பர்கள் உண்டு. நல்ல உள்ளம்தான். எனினும் உயர்நிலை மாணவர் வைத்திருக்க வேண்டியது பள்ளி தெரிவு செய்த, செயலி பதிக்கத்தக்க சாதனம். குடிமக்களாகிய மாணவர் எடுசேவ் கணக்கிலிருந்து அதற்குப் பணம் செலுத்தலாம். வசதி குறைந்தோருக்கு அரசு கூடுதல் மானியமும் தருகிறது. உண்மையில் பலர் தவிப்பது வேறொன்றுக்கு. அமைதியாக உட்கார ஓர் இடம், பக்கத்தில் விளக்கிச் சொல்ல ஒருவர். ஓரறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது இணைய வீட்டுப்பாடம் எங்ஙனம் நடக்கும்? மாலையில் இரண்டு மணி நேரம் துணைப்பாட வகுப்பில் உட்கார்ந்து, ஆங்கிலப் படிவங்களைத் தாய்மொழியில் விளக்கக்கூடிய தொண்டூழியர் ஒருவர் கிடைத்தால் அது பழைய கணினியைவிடப் பெரிய கொடையாகும்.

அந்தத் தாயார் மறுவாரமே வகுப்பாசிரியரிடம் பேசித் தம் தெரிவை மாற்றிக்கொண்டார். மாற்றலாம் என்பதே அவருக்கு அதுவரை தெரியாது. கைப்பேசி இப்போது இரவு பத்து மணிக்குப் பூசை அறை அலமாரியில் வைக்கப்படுகிறதாம், அவருடையதும் சேர்த்து. பையன் நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றார். ஐந்தாம் நாள் தோசை கேட்டு வந்தானாம்.