சீலோவாம் கோபுரமும் நியூயார்க் கோபுரங்களும்

லூக்கா நற்செய்தியின் 13ம் அதிகாரத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்த செய்தி வருகிறது. எருசலேமில் சீலோவாம் என்னும் இடத்தில் இருந்த கோபுரம் அது. அது சரிந்தபோது 18 பேர் மாண்டார்கள். அது ஏன் விழுந்தது, யார் கட்டியது என்றெல்லாம் நற்செய்தியாளர் சொல்லவில்லை. ஆனால் மக்கள் நடுவே அதற்கு ஒரு காரணம் உலவிக்கொண்டிருந்தது என்பதை இயேசுவின் கேள்வியிலிருந்தே ஊகிக்கலாம். மாண்டவர்கள் மற்ற எல்லாரையும்விடப் பெரிய பாவிகள், அதனால்தான் கோபுரம் அவர்கள்மேல் விழுந்தது என்பதே அந்தக் காரணம். இயேசு அதை ஏற்கவில்லை. அப்படி எண்ணியவர்களைத் தங்கள் வாழ்வைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார் (லூக் 13:4-5).

இந்தப் பகுதி என் நினைவுக்கு வரக் காரணம் ஓர் இளைஞர். ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது கைப்பேசியை என் முன் நீட்டினார். நியூயார்க்கின் இரட்டைக் கோபுரம் புகை கக்கியபடி சரியும் காட்சி ஓடியது. "பாருங்க ஃபாதர், ப்ளேன் மோதி விழுந்த மாதிரியா இருக்கு? உள்ளேயே வெடி வச்சு இறக்கின மாதிரி இல்ல இருக்கு! அன்னைக்கு 4,000 யூதர்கள் வேலைக்கே வரலையாமே?" என்றார். தாக்குதல் நடந்தபோது அவர் பிறந்திருக்கவே இல்லை. நல்ல பிள்ளை, பீடப்பணியாளராக இருந்தவர். அன்று அவசரத்தில் அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பினேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன? 2001ம் ஆண்டு செப்டம்பர் 11 காலை, அல் கைதாவைச் சேர்ந்த 19 பேர் 4 பயணிகள் விமானங்களைக் கடத்தினார்கள். 8.46 மணிக்கு ஒன்று உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்திலும், 9.03க்கு மற்றொன்று தெற்குக் கோபுரத்திலும் மோதின. 9.37க்கு மூன்றாவது விமானம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகன்மீது பாய்ந்தது. நான்காவது விமானத்தில் பயணிகள் எதிர்த்துப் போராடியதால் அது இலக்கை அடையாமல் பென்சில்வேனியாவின் வயல்வெளியில் விழுந்தது. கடத்தியவர்களைச் சேர்க்காமல் 2,977 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 343 பேர் நியூயார்க் தீயணைப்புத் துறையினர். மறுநாள் புதன் மறையுரையில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அதை மனிதகுல வரலாற்றின் இருண்ட நாள் என்று குறிப்பிட்டார்.

இனி அந்த இளைஞரின் முதல் கேள்வி. விமான எரிபொருளின் வெப்பத்தில் எஃகு உருகாது, ஆகவே வெடி வைத்திருக்க வேண்டும் என்பது இந்த வாதத்தின் சாரம். எஃகு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும், கட்டடத்தில் எரிந்த தீ அவ்வளவு சூடு தராது என்பது உண்மையே. ஆனால் நம் ஊர்க் கொல்லர் பட்டறையை நினைத்துப் பாருங்கள். அரிவாள் அடிப்பவர் இரும்பை உருக்குவதில்லை. உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சுகிறார். அந்நிலையில் அது சுத்தியலுக்கு இசைந்து வளைகிறது. 600 டிகிரியை எட்டும்போதே எஃகு தன் வலிமையில் பாதியை இழந்துவிடும். தலைமேல் பல மாடிகளைச் சுமந்து நிற்கும் தூணுக்கு அதுவே போதும்.

விமானங்கள் மோதிய வேகத்தில் நடுத்தூண்கள் பல அறுந்தன. எஃகின்மேல் தீயைத் தாங்குவதற்காகப் பூசியிருந்த பூச்சு பெயர்ந்துவிட்டது. தீயணைக்கும் நீர்க்குழாய்களும் துண்டிக்கப்பட்டன. எரிபொருள் சில நிமிடங்களில் தீர்ந்துபோக, அலுவலகங்களில் இருந்த மேசைகளும் காகிதங்களும் தொடர்ந்து எரிந்தன. சூட்டில் தளங்கள் தொய்ந்து, வெளிச்சுவர்த் தூண்களை உள்நோக்கி இழுத்தன. ஒரு கட்டத்தில் அவை மடங்கின. மேலேயிருந்த பகுதி முழுவதும் கீழே இறங்கியது. தெற்குக் கோபுரம் பின்னால் தாக்கப்பட்டும் 56 நிமிடத்தில் முதலில் விழுந்தது. வடக்குக் கோபுரம் 102 நிமிடம் நின்றது. தெற்கில் விமானம் இன்னும் தாழ்வான மாடிகளில் மோதியதால், பழுதுபட்ட இடத்தின் மேல் இருந்த பாரமும் அதிகம். அமெரிக்கத் தேசிய தரநிர்ணய நிறுவனம் மூன்றாண்டுகள் ஆராய்ந்து 2005ல் வெளியிட்ட முடிவு இது.

விமானம் மோதாத ஏழாம் எண் கட்டடமும் அன்று மாலை 5.20க்கு விழுந்ததே என்று கேட்பார்கள். கேட்கத் தகுந்த கேள்விதான். 47 மாடிக் கட்டடம் அது. வடக்குக் கோபுரத்தின் இடிபாடுகளால் தீப்பற்றி, குழாய்கள் உடைந்து தண்ணீர் இல்லாததால், ஏறத்தாழ 7 மணி நேரம் அணைப்பாரின்றி எரிந்தது. வெப்பத்தால் நீண்ட உத்தரங்கள் ஒரு முக்கியத் தூணின் பிடிப்பைக் கழற்றிவிட்டன என்று 2008ல் அதே நிறுவனம் விளக்கியது. அதன் முதல் வரைவை விமர்சித்தவர்கள், கட்டடம் சிறிது நேரம் எந்தத் தடையுமின்றி விழுந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். நிறுவனம் அதைச் சரிபார்த்து, சுமார் 2.25 நொடிகள் அப்படி விழுந்தது உண்மை என்று இறுதி அறிக்கையில் சேர்த்துக்கொண்டது. உள்ளே இருந்த தாங்குதல் முன்பே போய்விட்டதால் வெளிக்கூடு அப்படி இறங்கியது என்று காரணமும் சொன்னது. தவறைச் சுட்டினால் திருத்திக்கொள்ளும் பழக்கம் இது. அந்த இளைஞர் காட்டிய காணொளியைத் தயாரித்தவர்களிடம் இதை நான் எதிர்பார்த்துப் பார்த்தேன், காணவில்லை.

அரசை நம்பச் சொல்கிறீர்களா என்று யாராவது கேட்கலாம். இல்லை. 2003 பிப்ரவரியில் ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்கா உறுதிபடச் சொன்னது. போருக்குப் பின் தேடியும் அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் போரைத் தடுக்கத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கர்தினால் பியோ லாகியை அதிபர் புஷ்ஷிடம் நேரில் அனுப்பினார். அவரது வேண்டுகோள் கேட்கப்படவில்லை. ஆகவே அதிகாரத்தில் இருப்போரைக் கேள்வி கேட்பது விசுவாசத்துக்கு எதிரானது அல்ல. செப்டம்பர் 11 பற்றியும் மிகக் கடினமான கேள்விகளைக் கேட்டவர்கள் கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த குடும்பங்களே. நியூ ஜெர்சியைச் சேர்ந்த நான்கு கைம்பெண்கள் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார்கள். அத்தகையோரின் விடாமுயற்சியால்தான் 2002 நவம்பரில் விசாரணை ஆணையம் அமைந்தது. 2004 ஜூலையில் வந்த அதன் அறிக்கை, உளவுத் துறைகள் தமக்குத் தெரிந்ததை ஒன்றுக்கொன்று பகிராமல் வைத்திருந்ததை வெளிக்கொணர்ந்தது. அந்தப் பெண்கள் ஆணையத்தின் பதில்கள் போதாது என்றும் வெளிப்படையாகச் சொன்னார்கள். சொல்லட்டும். அவர்கள் யார் தலையிலும் ஆதாரமின்றிக் கொலைப்பழி சுமத்தவில்லை.

இப்போது அந்த 4,000 யூதர்கள் கதை. எனக்கு மிகவும் வலித்தது இதுதான். தாக்குதலுக்கு மறுநாள் இஸ்ரயேல் நாளிதழ் ஒன்று, தாக்கப்பட்ட பகுதிகளில் இருந்திருக்கக்கூடிய 4,000 இஸ்ரயேலரின் பெயர்கள் வெளியுறவு அமைச்சகத்துக்குக் கிடைத்துள்ளன என்று எழுதியது. கவலையோடு விசாரித்த உறவினர்கள் தந்த பெயர்கள் அவை. சில நாட்களில், செப்டம்பர் 17 அன்று, லெபனானின் அல் மனார் தொலைக்காட்சி, அன்று 4,000 யூதர்கள் வேலைக்கு வரவில்லை என்று ஒளிபரப்பியது. எண் அதேதான், பொருள் தலைகீழ். தேடப்பட்டவர்கள் கொலைக்கு உடந்தையானவர்கள் ஆனார்கள். உண்மையில் அந்தக் கோபுரங்களில் யூதர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். அவர்களுக்காக நியூயார்க்கின் தொழுகைக்கூடங்களில் இறந்தோருக்கான செபம் சொல்லப்பட்டுக்கொண்டிருந்த அதே வாரத்தில், அவர்கள்மேல் இந்தப் பழி உலகைச் சுற்றிவந்தது.

திருச்சபைக்கு இந்தக் கதை புதிது அல்ல. 1348ல் ஐரோப்பாவைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனபோது, யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்ததாக வதந்தி பரவியது. அப்போது அவிஞ்ஞோனில் இருந்த திருத்தந்தை ஆறாம் கிளமெண்ட் அதை மறுத்து ஆணை மடல் எழுதினார். யூதர்களும் இதே நோயில் சாகிறார்களே, யூதர் எவரும் வாழாத நாடுகளிலும் இந்த நோய் பரவுகிறதே என்று அவர் எடுத்துக்காட்டினார். ஏறத்தாழ 650 ஆண்டுகள் கழித்து 4,000 யூதர்கள் கதைக்குச் சொல்லவேண்டியிருந்த மறுமொழியும் இதுவே: அவர்களும் செத்தார்களே! கிளமெண்ட் சொன்னதைப் பலர் கேட்கவில்லை. 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் நூற்றுக்கணக்கான யூதர்களைக் கிறிஸ்தவர்கள் உயிரோடு எரித்தார்கள். 1475ல் இத்தாலியின் திரெந்து நகரில் சிமோன் என்ற குழந்தை இறந்தபோது, யூதர்கள் சடங்குக்காகக் கொன்றார்கள் என்று சித்திரவதையால் ஒப்புதல் வாங்கி அவர்களைக் கொன்றார்கள். அந்தக் குழந்தைக்குப் பீடமும் திருவிழாவும் ஏற்பட்டன. திருச்சபை அந்த வணக்கத்தை 1965ல்தான் நீக்கியது. யூதர்மீதான வெறுப்பைக் கண்டித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏடு வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். ஒரு வதந்தியைத் திரும்பப் பெற நமக்கு 490 ஆண்டுகள் ஆயின.

பொய்ச்சான்றுக்கு எதிரான கட்டளையை (விப 20:16) நீதிமன்றத்தோடு முடிந்துபோவதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2477) இன்னும் ஆழமாகப் போகிறது. போதிய ஆதாரம் இல்லாமல் அயலாரின் குற்றத்தை வாய் திறவாமல் மனதுக்குள் உண்மையென்று ஏற்றுக்கொள்வதையும் அது தவறு என்கிறது. வாட்ஸ்அப்பில் வந்ததை நான் எழுதவில்லை, அனுப்ப மட்டும் செய்தேன் என்று சொல்பவருக்கு இங்கே ஒளிய இடமில்லை. இந்தச் சோதனை ஒரு பக்கத்தாருக்கு மட்டும் உரியதும் அல்ல. தாக்குதல் நடந்து நான்கே நாளில், அரிசோனாவில் பெட்ரோல் நிலையம் நடத்திய சீக்கியர் ஒருவர், தலைப்பாகையும் தாடியும் வைத்திருந்த ஒரே காரணத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நம் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவன் ஆவேன். நியூயார்க் தீயணைப்புத் துறையின் ஆன்ம வழிகாட்டி, பிரான்சிஸ்கன் சபையின் அருள்பணி மைக்கல் ஜட்ஜ், அன்று மாண்டவர்களில் அதிகாரப்பூர்வமாகப் பதிவான முதல் ஆள். அவரது எண் 0001. மேலிருந்து விழுந்த ஒருவர் மோதி வீழ்ந்த தீயணைப்பு வீரருக்கு இறுதி அருளடையாளம் வழங்கத் தலைக்கவசத்தைக் கழற்றியபோது இடிபாடு விழுந்து இறந்தார் என்று நாம் எல்லாரும் கேள்விப்பட்டோம். நானும் மறையுரையில் சொல்லியிருக்கிறேன். அது உண்மை அல்ல. அவர் இறந்தது வெளியே தெருவில் அல்ல, வடக்குக் கோபுரத்தின் கீழ்த்தள முகப்புக் கூடத்தில். தெற்குக் கோபுரம் சரிந்தபோது உள்ளே பாய்ந்த இடிபாடுகள் அவரைக் கொன்றன. அதற்குச் சற்று முன் அங்கே எடுக்கப்பட்ட காணொளியில் அவர் தனியே நிற்கிறார். வெளியே மனித உடல்கள் விழும் ஓசை கேட்கிறது. அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருக்கின்றன. அருளடையாளக் கதையைவிட எனக்கு இந்த உண்மைதான் இப்போது பெரிதாகத் தெரிகிறது. செய்வதற்கு ஒன்றுமில்லாத இடத்தில், ஓடிப்போகாமல் நின்று செபித்த ஒரு குரு! ஐந்து பேர் அவரை நாற்காலியில் சுமந்து வந்தார்கள். அருகிலிருந்த புனித பேதுரு ஆலயத்தின் பீடத்தின் முன் அவரைக் கிடத்தினார்கள்.

அந்த இளைஞர் மறுபடி வந்தால் அவரிடம் சொல்ல இன்னொன்றும் வைத்திருக்கிறேன். நியூயார்க் நகரின் மருத்துவ ஆய்வு அலுவலகத்தில், கோபுரங்கள் இருந்த இடத்தில் கிடைத்த எலும்புத் துணுக்குகளை மரபணுச் சோதனை செய்யும் வேலை இன்னும் முடியவில்லை. ஒருமுறை விடை தராத துணுக்கை, புதிய முறை வந்ததும் மீண்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். அங்கு மாண்ட 2,753 பேரில் ஏறத்தாழ 1,100 பேரின் உடற்பகுதி எதுவும் இதுவரை அடையாளம் காணப்படவில்லை. ஒரு பெயர் உறுதியானதும் அந்தக் குடும்பத்துக்குச் செய்தி போகிறது. சில பெற்றோர் அதற்குள் இறந்துவிட்டார்கள். செய்தி பேரப்பிள்ளைகளுக்குப் போகிறது.