எட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்தில் சட்டம்



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வத்தல், மல்லி, பயறு என்று மொத்த வியாபாரம் செய்யும் நம்மில் பலரும் பெட்டியடியில் ஒன்று, கிட்டங்கியில் ஒன்று, கணக்கறையில் நாலைந்து என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் இணைத்து, நடுவில் சர்வர் ஒன்றை வைத்து அதில் பேரேட்டை ஏற்றியிருக்கிறோம். கிட்டங்கிச் சாவியை ஆள் பார்த்துக் கொடுக்கும் நாம், சர்வரின் சாவி யார் யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

எங்கள் கடையில் நடந்ததையே சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் திருச்சுழிப் பக்கத்துச் சில்லறை வியாபாரி ஒருவரின் பாக்கி பேரேட்டில் குறைந்திருந்தது. எட்டுக் கம்ப்யூட்டரிலும் எல்லோரும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு போட்டுத்தான் நுழைந்து வந்தார்கள். யார் கை பட்டது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. பில் போடும் தம்பியைச் சந்தேகப்பட்டுக் கேட்டுவிட்டோம். பத்து நாள் கழித்துத்தான், வேறொருவர் கணக்கில் ஏற வேண்டிய வரவை எங்கள் வீட்டுப் பிள்ளையே இவர் கணக்கில் ஏற்றிவிட்டது தெரிந்தது. தம்பியின் வீடு தேடிப் போய் வருத்தம் சொன்னோம். காபி கொடுத்து உபசரித்தார். வேலைக்கு மட்டும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் 'டைரக்டரி' என்பதைப் பற்றி விசாரித்தோம். டெலிபோன் டைரக்டரியைப் போல, கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவரின் பெயரும், ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பெயரும் சர்வரில் ஓரிடத்தில் பதிந்திருக்கும். நாவல் கம்பெனி 1993லேயே தன் நெட்வேரில் இதைக் கொண்டு வந்தது. மைக்ரோசாப்ட் 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 உடன் 'ஆக்டிவ் டைரக்டரி' என்ற பெயரில் கொடுத்தது. லினக்ஸில் இயங்கும் 'சாம்பா' இதே வேலையை 2012 முதல் இலவசமாகச் செய்கிறது.

டைரக்டரி ஆளைச் சொல்கிறது. அந்த ஆள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதைச் சொல்வது 'குரூப் பாலிசி'. அதை ஒருமுறை சர்வரில் எழுதி வைத்தால் போதும். கம்ப்யூட்டரைப் போடும்போதும், ஆள் நுழையும்போதும், பிறகு சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தானே வந்து வாங்கிக்கொள்ளும். கிட்டங்கிக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. வேலையை விட்டுப் போனவர் பெயரை அன்றைக்கே ஓரிடத்தில் முடக்கினால் எட்டிலும் கதவு அடைபடும்.

முக்கியமாக, சர்வரைத் தனிப் பிரிவில் வைக்க வேண்டும். பில் போடும் கம்ப்யூட்டருக்கு உள்ள சட்டம் அதற்குப் போதாது. எங்கள் சர்வரில் முதலாளி ஒருவரும் பராமரிப்பு இன்ஜினியரும் தவிர யாரும் நேரில் உட்கார்ந்து நுழைய முடியாது. பென் டிரைவ் ஏற்காது. அப்டேட் முடிந்து நின்று கிளம்புவதெல்லாம் கடை அடைத்த பிறகு இரவில்தான். பட்டப்பகலில் வண்டி லோடு ஏறும்போது சர்வர் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பொதுச் சட்டமும் பிரிவுச் சட்டமும் மோதினால் சாதாரணமாகப் பிரிவுச் சட்டமே நிற்கும். பாஸ்வேர்டு எத்தனை எழுத்து என்ற விதியை மட்டும் மேல்மட்டத்தில் வைக்க வேண்டும். பிரிவில் வைத்தால் டைரக்டரிப் பெயர்களுக்குப் பலிக்காது. எந்தப் புதுச் சட்டத்தையும் முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு மற்றதற்குக் கொடுங்கள். எழுதியவரையே வெளியில் நிறுத்திவிடும் சட்டமும் உண்டு!

யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவையும் பாலிசி மூலமே வைக்கச் சொல்லலாம். பதிவேடு நிறைந்தால் பழையது அழியும், ஆகவே அளவைக் கூட்டி வையுங்கள். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 28.4.2022 அன்று இட்ட உத்தரவுப்படி இப்படிப்பட்ட பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சிறு தொழில்களுக்கு 25.9.2022 வரை அவகாசம் தந்தார்கள். கணக்கு சாப்ட்வேருக்குள் நடக்கும் திருத்தம் இதில் வராது. அதற்கு அந்த சாப்ட்வேரிலேயே ஆளுக்கொரு பெயர் கொடுக்க வேண்டும். எங்கள் தம்பி விஷயத்தில் இரண்டுமே இல்லை.

மூன்று கம்ப்யூட்டர் உள்ள கடைக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை என்பது எங்கள் கருத்து. ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் போதும். டைரக்டரி வைப்பவர்கள், விண்டோஸ் வாங்கும்போது 'ஹோம்' வகையை வாங்கிவிடாதீர்கள். அது டைரக்டரியில் சேராது, 'புரோ' வேண்டும்.

இன்னொன்று கடிகாரம். சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஆள் சரியானவரே ஆனாலும் டைரக்டரி உள்ளே விடாது. கிட்டங்கிக் கம்ப்யூட்டர் ஒன்று கரண்ட் போய் வந்த போதெல்லாம் பழைய தேதிக்குப் போய் நின்று, நுழைய மறுத்தது. இரண்டு நாள் இன்ஜினியரைத் திட்டினோம். உள்ளே இருந்த சின்ன வட்ட பேட்டரி தீர்ந்திருந்தது. மாற்றியதும் திறந்தது.